வண்ணாத்திப்பூச்சிப் பாவாடை

மச்சாள்,

இன்று காலை உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடலாம் என்று திறந்தேன். ஊசிக்குக் கீழே இருக்கிற பல்லுக்குள் மஞ்சள் நெட் துணியின் துணுக்குகள் அடைந்து கிடந்தன. ஊசிமுனையால் கிண்டக் கிண்ட வந்துகொண்டே இருந்தன. போன கிழமை முழுக்க அந்தத் துணியோடு நான் பட்ட எரிச்சல் திரும்பவும் தலைக்கேறியது. அதில் பாதி உன்மேல்தான். நீ கண்ணை மூடி ஒன்றரை வருடமாகிறது. வேறு யாரிடம் போய் இதைச் சொல்ல? உனக்கே எழுதுகிறேன்.

உன் மகளின் நேசறிப் பள்ளிக்கூடத்தில் கலைவிழா. அவளுக்கு வண்ணாத்திப்பூச்சி வேடம். டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இடுப்பில் இலாஸ்டிக், அதற்குக் கீழே மஞ்சள் நெட் நாலைந்து அடுக்காகக் குடை மாதிரி விரிந்து நிற்கிறது. டூட்டூ பாவாடையாம். உன் புருசன் கல்முனையில் ரெடிமேடாக வாங்கி வருகிறேன் என்றார். உன் மகள் விடவில்லை.

"வேணாம். அம்மாட மெஷின்ல மாமி தைக்கட்டும்."

அவள் அப்படிச் சொன்ன பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குத் தைக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியாததா? உன் வீட்டுக்கும், உன் அண்ணனைக் கட்டி நான் வந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். களுதாவளையில் பாதிப் பேருக்கு நீ தைத்தாய். நான் உன் பக்கத்தில் இருந்து நூல் வெட்டினேன், கொக்கி வைத்தேன், ஊர்க்கதை சொன்னேன். ஆசைப்பட்டு மெஷினில் கை வைத்தால் பறித்துவிடுவாய். "தா இஞ்ச. நீ தைச்சா மறுகா நான்தான் பிரிச்சித் தைக்கணும்." அப்போது அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. போன கிழமை அதை நினைத்துப் பல்லைக் கடித்தேன். ஒரு தரமாவது என்னைப் பிழையாகத் தைக்க விட்டிருக்கலாம் நீ.

முதல் நாள் நெட்டை நீளமாக வெட்டினேன். வழுக்கிக்கொண்டு போனதில் ஒரு பக்கம் முழங்காலுக்கும் மறுபக்கம் கணுக்காலுக்கும் வந்தது. சுருக்குப் பிடிக்க நூலோட்டி இழுத்தேன். முக்கால்வாசி இழுத்ததும் நூல் அறுந்தது. இரட்டை நூல் போட்டேன். மெஷினின் பல் நெட்டைக் கடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். அடுத்த நாள் சுருக்கத்தை எடுப்போம் என்று அயர்ன் பண்ணினேன். சூடு கூடிவிட்டது. கையகலத்துக்கு ஓட்டை. மூன்றாம் நாள் புதிதாக ஐந்து யார் நீளத்துக்கு நெட் வாங்கி வந்து, மெஷினை நம்பாமல் கையாலேயே தைத்து இலாஸ்டிக்கில் பிடித்தேன். அன்று பின்னேரம் அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றுச் சுற்றினாள், நின்றாள், முகம் கோணியது.

"மாமி, கடிக்குது."

தொடையெல்லாம் சிவந்திருந்தது. உள்ளுக்குப் பருத்தித் துணி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. உனக்கென்றால் வெட்டும்போதே தோன்றியிருக்கும். "கண்டறியாத பாவாடை!" என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்துபோய்ப் பார்த்தாள். பிறகு என்னுடைய வெள்ளை உள்பாவாடை ஒன்றை வெட்டி, உள்ளுக்கு வைக்க எடுத்து வைத்தேன்.

நான் எரிந்து விழுந்தது நெட்டுக்காக மட்டும் இல்லை. அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. இரண்டு கிழமைக்கு முன்னர் மிட்வைஃப் மிஸ் பெண்களுக்கு வைத்த கிளினிக்கில் எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்திருந்தார். புதன்கிழமை போக வேண்டும். வியாழன் கலைவிழா. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

செவ்வாய் காலை மிஸ் போன் எடுத்தார். "நாளைக்குக் கிளினிக். மறந்திராதீங்க."

"மிஸ், புள்ளைக்கு ஒரு பாவாடை தைக்க இரிக்கி. மறுகா போறனே."

சொல்லி முடித்ததும் எனக்கே திக்கென்றது. இதே 'மறுகா', பிறகு பார்ப்போம் என்கிற சொல்லைத்தான் நீ எனக்குச் சொன்னாய்.

நீ போவதற்கு முந்தின மார்கழி மாதம். நீ என் கையைப் பிடித்து உன் மார்பில் வைத்து, "கடலையளவுக்கு இரிக்கி, என்ன?" என்று கேட்டாய். உடனே போவோம் என்றேன். "அண்ணனுக்குச் சொல்லிப்போடாத. யூனிபோம் எல்லாம் குடுத்து முடியட்டும். மறுகா போவம்." தை பிறந்தது, கலியாணச் சட்டைகள் வந்தன. மறுகா போவம். பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் புது உடுப்புகள் வந்தன. மறுகா. நீ கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது அக்குள் வரைக்கும் வந்துவிட்டது. ஊரிலே எல்லாருக்கும் குறித்த நாளில் உடுப்புக் கொடுத்த உனக்கு, உனக்கென்று ஒரு நாள் கிடைக்கவில்லையா? எத்தனையோ பேரின் சட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தவளுக்கு, பிழையை உடனே பிரிக்க வேண்டும் என்று தெரியவில்லையா? எனக்குத்தான் புத்தி எங்கே போனது? நீ சொல்லாதே என்றாய், நான் சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

போனை வைத்துவிட்டு உன் மெஷினைப் பார்த்து உன்னைத் திட்டினேன். நல்லவேளை, பிள்ளை நேசறியில் இருந்தாள்.

உன் அண்ணன் வேலையால் வந்ததும் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். பிறகு நீ என்னிடம் சொன்னதையும், நான் மறைத்ததையும் சொன்னேன். கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காலையில் நான் பையோடு வெளிக்கிட, அவர் சட்டை போட்டுக்கொண்டு வேலிப் படலையடியில் நின்றார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தார். கல்லடிப் பாலம் தாண்டும்போதுதான், ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "இனிக் காய்ச்சல் எண்டாலும் சொல்லிப்போடு" என்றார்.

பைக்குள் பாவாடை இருந்தது. கிளினிக் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு உள்துணியைத் தைக்கத் தொடங்கினேன். மஞ்சள் நெட் மடியை மீறி இரண்டு பக்கமும் வழிந்தது. பக்கத்தில் இருந்தவ காத்தான்குடிக்காரி. அவவின் மடியையும் மூடிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன கா, இந்தத் துணியோட சண்டையா புடிக்கீங்க?"

"ஓம். ஒரு கிழமையா."

"சுருக்கு ஒரு பக்கமாக் குவிஞ்சி கிடக்கு. அந்தத் தொங்கல என்னட்டத் தாங்க."

அவ ஒரு முனையில், நான் மறுமுனையில். எனக்கு இரண்டு தரம் விரலில் ஊசி குத்தியது. அவ அதைக் கண்டும் காணாத மாதிரி நூலை இழுத்துக்கொண்டிருந்தா. "நானும் பயந்துதான் இரிக்கன்" என்று மட்டும் மெல்லச் சொன்னா. என் நம்பரைக் கூப்பிட்டார்கள். பாவாடையை அவவிடம் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஸ்கேன் பண்ணிப் பார்த்த டொக்டர், நீர்க்கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். வெளியே வந்தபோது வாங்கில் அவ இல்லை. அவவையும் கூப்பிட்டுவிட்டார்கள் போல. பாவாடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவ தைத்த பாதியில் சுருக்கு ஒரே அளவாக இருந்தது. காத்துக்கொண்டு நின்றேன், காணவில்லை. பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். அவவுக்கு என்ன சொன்னார்களோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

கலைவிழாவில் பாவாடை ஒரு பக்கம் விரிந்து நின்றது. மறுபக்கம் நான் தைத்தது, தொய்ந்து கிடந்தது. உன் மகளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. மற்றப் பிள்ளைகள் இடப்பக்கம் போக இவள் வலப்பக்கம் பறந்தாள். யாரோ ஒரு தாய், ஆர் தைத்தது என்று கேட்டதற்கு, "மாமி. கிழிச்சிக் கிழிச்சித் தைச்சவ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். உன் அண்ணனும் சிரித்தார். அந்தக் கிழமையில் அவர் சிரித்தது அப்போதுதான். உன் நோயை நான் மறைத்து வைத்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரியும். கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

உன்மேல் எனக்குள்ள கோபமும் ஆறவில்லை. அதை ஆறவிட எனக்கு விருப்பமும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னை பஸ்ஸில் ஏற்றிவிடப் போவது அதுதான். உன் மகள் வளர்ந்து உன்னைப் பற்றிக் கேட்பாள். நீ எவ்வளவு அழகாகத் தைப்பாய் என்று சொல்வேன். எதனால் போனாய் என்பதையும் சொல்வேன். நீ சொல்லாதே என்று எவ்வளவு கெஞ்சினாலும், இந்த முறை சொல்வேன்.