அப்பா குப்புறப் படுத்து ஆடிய ஆட்டம்

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிரணவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சௌக்கியம் என்று எழுதலாமா கூடாதா என்பது நேற்று மத்தியானம்வரை எனக்கே தெரியாது, அதனால்தான் போனில் உன்னிடம் 'உம், உம்' என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். நீ எடின்பரோவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கே பேசுவாய், உன் அப்பாவின் பிள்ளைதானே, அதனால் கடிதமாகத் தட்டுகிறேன்.

அப்பாவின் வலது கண்ணில் விழித்திரை கிழிந்து ஆபரேஷன் ஆனதும், உள்ளே வாயு நிரப்பியிருப்பதால் இரண்டு வாரம் குப்புறப் படுக்கவேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். தலையை நிமிர்த்தினால் ஒட்டியது பிரிந்து பார்வை போனாலும் போகும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் உன்னிடம் மறைத்துவிட்டேன். நீ அங்கே உட்கார்ந்து கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் உன் அப்பாவா அடங்குகிற ஆள்? முதல் நாளே பால்காரன் வந்தானா என்று பார்க்க ஒருதரம், எதிர்வீட்டில் யார் கத்துவது என்று பார்க்க ஒருதரம் எழுந்திருக்கப் பார்த்தார். எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

அப்போதுதான் கபாலி வந்தார். தெரியுமே, ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து பூங்காவில் அப்பாவோடு செஸ் ஆடுவாரே, ரிட்டயர்ட் கண்டக்டர். அப்பா கட்டில் ஓரத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து, குதிரையை இங்கே வை, யானையை அங்கே நகர்த்து என்பார், நான் சாப்பாட்டு மேஜைமேல் இருக்கும் பலகையில் நகர்த்துவேன், கபாலி பதிலுக்கு ஆடுவார். பார்க்கிறவர்களுக்கு அவர் மொசைக் தரையோடு பேசுவதாகத்தான் தோன்றும். ஆனால் ஆட்டம் தொடங்கியதிலிருந்து மனுஷன் அசையவில்லை. மறுநாள் ஆட்டத்தை நினைத்தே மீதிப் பொழுதையும் கவிழ்ந்தபடி கழித்தார். அந்தக் கண்ணை டாக்டர் பாதி காப்பாற்றினார் என்றால் கபாலி பாதி என்றுதான் சொல்வேன்.

ஒரே தொந்தரவு, ராத்திரி சாப்பிட மேஜை வேண்டும், பலகையைக் கலைக்கவேண்டும். அதற்குத்தான், எந்தக் காய் எங்கே நின்றது என்று குறித்துவைத்து மறுநாள் படித்துக்காட்டுகிற அந்தப் புரோகிராமை நீ அனுப்பினாய். நல்லதாய்ப் போயிற்று, மவுஸைப் பிடித்தால் எனக்குக் கை நடுங்கும், நீ எல்லாவற்றையும் விசைப்பலகையிலேயே வைத்துவிட்டாய். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக, காய்க்கு ஓர் எழுத்து, காலிக் கட்டங்களுக்கு ஓர் எண், வெள்ளைக்குப் பெரிய எழுத்து, கறுப்புக்குச் சின்ன எழுத்து. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின விரல்களடா இவை, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் முழுப் பலகையையும் ஏற்றிவிடுவேன். ஒரு கட்டம் குறைந்தால் போதும், உன் கம்ப்யூட்டர் பெண்மணி 'இந்த வரிசையில் எட்டு இல்லை' என்று என்னை அதட்டுகிறாள், இந்த வீட்டில் என்னை அதட்ட ஆள் போதாது என்று நினைத்தாய் போலிருக்கிறது. மறுநாள் அவள் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பாள், அப்பா தரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார், நான் காய்களை அடுக்குவேன்.

போன புதன்கிழமை அவள் 'வெள்ளை ராஜா, பி எட்டு' என்று படித்தாள். அவ்வளவுதான், கோட்டை கட்டிப் பத்திரமாக ஜி ஒன்றில் வைத்த என் ராஜா எப்படிடி எதிராளியாத்துக் கொல்லையில போய் உக்காந்துண்டான் என்று அப்பா விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். முகம் நேராக நிமிர்ந்திருக்கிறது, கை கம்ப்யூட்டரைக் காட்டுகிறது, கபாலி மேல் பழி போடுகிறார். எனக்கு உயிரே போய்விட்டது. கபாலிதான் பாய்ந்து வந்து அப்பாவின் பிடரியில் கை வைத்து, சார், கவுந்துக்க சார், கண்ணு பூட்ச்சுன்னா ராஜா எங்க கீறான்னு யார் பாக்கறது என்று அமுக்கிப் படுக்கவைத்தார். பிறகு திரையையும் தன் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னா மாமி, நேத்து என் சேர்ல குந்திக்கினு அடிச்சியா என்று என்னைக் கேட்டார். ஆமாம்டா, அடித்தேன். அந்தப் பக்கம்தான் ஃபேன் காற்று வருகிறது, கபாலி கிளம்பியதும் அவர் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து, எனக்கு மேலே தெரிந்த வரிசையிலிருந்து தொடங்கிவிட்டேன். கபாலி ஆடுகிற கறுப்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

அப்புறம் சனிக்கிழமைவரை நான் பட்டபாடு உனக்குத் தெரியவேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், சனிக்கிழமை வந்து பார்த்தால்தான் தெரியும், அதுவரை கவிழ்ந்தே இருக்கட்டும் என்றார்கள். என் விரல்களால் அவர் கண் போய்விட்டதே என்று அழுதேன், நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டேன். அப்பாவோ, கபாலி ஆட்டத்தைச் சரியாக அடுக்கினானா என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று டாக்டர் அவரை நிமிரச் சொல்லி, இடது கண்ணை மூடி, எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டார். எதிரே நான்தான் நின்றிருந்தேன். அப்பா கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். பிறகு, கீழே தண்ணி ஆடறாப்பல இருக்கு டாக்டர், மேல தெரியறது என்றவர், என்னைப் பார்த்து, ஏண்டி, பச்சைப் புடவைக்குப் போய்க் காபிப்பொடிக் கலர்ல ரவிக்கை போட்டுண்டு வந்திருக்கே என்றார். அங்கிருந்த நர்ஸெல்லாம் சிரித்துவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் குற்றம் சொல்லாத நாளில்லை, ஆனால் அதைக் கேட்டு நான் ஆஸ்பத்திரித் தூணைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதது நேற்றுத்தான்.

கண் ஒட்டிவிட்டது, தண்ணீர் மாதிரி ஆடுவது மிச்சமிருக்கிற வாயுதான், நாளாக நாளாகத் தெளியும் என்கிறார் டாக்டர். உனக்கு ஆயுளும் ஆரோக்கியமும் நல்ல புத்தியும் பெருக எங்கள் இருவரின் ஆசீர்வாதம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அந்தக் கம்ப்யூட்டர் பெண்மணியிடம் சொல்லி, முதலில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டுவிட்டு அப்புறம் தட்டவிடச் சொல்.

உன் அம்மா,
கோமளம்