தாய்மாமன் வாங்கிய லேப்டாப்

தராஸ், அக்டோபர் 14

அன்பு மகன் மதியாருக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், பூனை பெருத்துவிட்டது, என் மானம்தான் போன சனிக்கிழமையிலிருந்து கொஞ்சம் படுத்திருக்கிறது. உல்சானில் நீயும் உன் அறைக்காரர்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ரவுஷான் அத்தை உப்பு காரம் சேர்த்து உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். லேப்டாப் வாங்கப் போன கடையில் முக்கால் மணி நேரம் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, மூடித் திறந்து, அடியில் கை வைத்துச் சூடு பார்த்து, குதிரைக்குப் பல் பார்ப்பதுபோல ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்து, "இதான் வேணும், கட்டுங்க" என்றேன். கல்லாவில் இருந்த பெண் பில் போடுகிற லேப்டாப் அது. "தாத்தா, இதை நீங்க எடுத்துட்டா நான் வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள். லேப்டாப் கிடக்கட்டும், தாத்தா என்றாளே, எனக்கு ஐம்பத்தாறுதானே ஆகிறது.

நீ அங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன் என்றபோது வேண்டாம் என்றது திமிரினால் இல்லை, அம்மாவுக்குக் காத்திருக்க நாள் இல்லை. நவம்பர் இருபதாம் தேதி அவளுடைய ஆசிரியர் தேர்வு, எல்லாமே கணினியில். போன வருஷம் இரண்டு மதிப்பெண்ணில் போனது உனக்குத் தெரியும். உயிரியல் தெரியாமலா போனது, திரையில் அடுத்த கேள்வி எங்கே என்று தேடுவதற்குள் மணி அடித்துவிட்டான். இந்தத் தடவையும் போனால் தரம் ஒரு படி இறங்கிவிடும், அவளிடம் படித்த பெண்களுக்குக் கீழே அவள் உட்கார வேண்டியிருக்கும். பள்ளியில் பழகலாமென்றால் பன்னிரண்டு டீச்சர்களுக்கு ஒரு கணினி. ஒரே வாரத்தில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றாமல் கெட்டிலைப் போட்டுவிட்டாள், அதிலேயே அவள் பயம் எனக்குப் புரிந்துவிட்டது.

கடைக்கு மார்ஜானைக் கூட்டிப் போனேன், அதுதான் நான் செய்த தப்பு. வரி அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியோடு இருப்பவள், விவரம் தெரியும் என்று நினைத்தேன். என் அக்கா ரவுஷானின் மகள் என்பதை மறந்துவிட்டேன். தாய்மாமனிடம் வாழ்நாளில் மூன்று தடவை என்ன கேட்டாலும் அவன் இல்லை என்று சொல்லக் கூடாது என்கிற நம் வழக்கத்தின் உரிமையில் கல்யாணத்தன்று என் செங்குதிரையைக் கொண்டு போனாள், அடுத்து நடுக்கூடத்துக் கம்பளம். மூன்றாவது ஒன்பது வருஷமாகக் கண்ணிவெடி மாதிரிக் கிடக்கிறது. அம்மா வாசலிலேயே சொன்னாள், "ஏங்க, ஓநாயைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு ஆடு வாங்கப் போற ஆள் இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான்."

நான் முதலில் மயங்கியது பட்டன்களுக்கு அடியில் கலர் விளக்கு எரிகிற ஒன்றில், கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. மார்ஜான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, அத்தை பரீட்சை எழுதணுமா, டான்ஸ் ஆடணுமா?" பிறகு அவள் கை காட்டியதும் நான் தேர்ந்தெடுத்ததும் ஒன்றாகவே இருந்தது, சாம்பல் நிறம், பதினைந்து அங்குலத் திரை. நீயும் வீட்டுக்கு வாங்கும்போது நான் சொல்வதைக் கேள், இதில் இப்போது எனக்குக் கை தேர்ந்துவிட்டது. திரையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார், உன் மூக்கு தெரிந்தால் வாங்காதே. நாலு வரி அடித்துப் பார். மெமரி எட்டுக்குக் கீழே வேண்டாம், பதினாறு என்றால் பத்து வருஷம் பேசாமல் உழைக்கும். ரிப்பேர்க்காரன் எந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறான் என்று முதலில் கேள், விலையை அப்புறம் கேள்.

வீட்டுக்கு வந்து டீயும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கும் வைத்து உட்கார்ந்தோம். மார்ஜான் டீ போதும் என்று கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாமா, என்னோட மூணாவது இன்னும் பாக்கி இருக்கு" என்றாள், கண் லேப்டாப் மேல். ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். இல்லை என்று சொன்னால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது, சரி என்று சொன்னால் உன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? வாயைத் திறந்து "கேளும்மா" என்றேன், குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. "நவம்பர் இருபது வரைக்கும் நீங்க இதைத் தொடக் கூடாது. சதுரங்கம் கிடையாது, குதிரைப் பந்தயம் பாக்கறது கிடையாது, 'ஒரே நிமிஷம் ஸாவ்ரே'ன்னு அத்தை பக்கத்துல வந்து நிக்கறதும் கிடையாது" என்றாள். உன் அம்மா சிரித்த சிரிப்பில் பூனை ஓடிவிட்டது. குதிரையைக் கொடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

வாக்கு வாக்குதான், அதனால்தான் இதைப் பேனாவில் எழுதுகிறேன். அம்மா தினமும் சாயங்காலம் உட்காருகிறாள், நேற்று எல்லாக் கேள்விகளையும் முடித்துவிட்டு ஆறு நிமிஷம் கையில் வைத்திருந்தாள். தேறிவிடுவாள், எனக்குச் சந்தேகமே இல்லை. சாமானைத் தேர்ந்தெடுத்தவன் அப்படி.

பொட்டலத்தில் தயிரை உருட்டிக் காயவைத்த குர்த் இருக்கிறது, அறைக்காரர்களுக்கும் கொடு, உப்பு என்று குறை சொன்னால் கொடுக்காதே. காதை மூடுகிற தொப்பி வாங்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னால் அம்மாவைக் கூப்பிடாதே, பழகிக்கொண்டிருப்பாள். உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

உன் அப்பா,
சபார்காலி

பின்குறிப்பு: உனக்குக் குர்த் அனுப்ப அந்த லேப்டாப் அட்டைப்பெட்டியைத்தான் எடுத்தேன். அடியில் கடைக்காரரின் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: "ஸாவ்ரே டீச்சருக்கு எடுத்து வைத்தது, முன்பணம் வந்தாச்சு, வியாழன்." நாங்கள் போனது சனிக்கிழமை, மார்ஜான் கை காட்டியதும் இதே லேப்டாப்பைத்தான்.