'தொழில்' என்ற கட்டத்தில்

மார்ச் 4, செவ்வாய்

ஏலக்கூடத்துக்குப் போய் வந்தேன். சும்மா பார்க்கத்தான். அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று. கெட்ட கட்டி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது. இரண்டு குரல் நாண்களில் ஒன்று அசைவதே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, பஞ்சரான சைக்கிள் ட்யூப் மாதிரி.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கூடத்தில் மீன் ஏலம் போட்டவள் நான். ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடும், லாரி பின்வாங்கும், எழுபது வியாபாரிகள் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அத்தனைக்கும் மேலே என் குரல் போகும். அங்கே என் பெயர் கண்டாமணி. இன்றைக்கும் ஒருத்தர் அப்படிக் கூப்பிட்டார். திரும்பி "என்னங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து நகர்ந்துவிட்டார்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண், "வீட்டுல ரொம்ப பேசாதீங்க, எழுதிக் காட்டுங்க" என்றாள். அதற்கு வாங்கிய நோட்டு இது. முன்பக்கங்களில் 'கதவைச் சாத்து', 'போன் அடிக்குது', 'நான் சொன்னது அது இல்லை' என்று கிடக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து யாருக்கும் காட்டப்போவதில்லை. வாயால் திட்ட முடியாததை எங்கேயாவது வைக்க வேண்டுமே.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க மருத்துவக் காப்பீட்டில் போய்விட்டது. என் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். அவரே, "உங்க அண்ணன் உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கான்" என்றார்.

அண்ணன் காப்பீட்டு ஏஜென்ட். ஒன்பது வருஷம் முன்னால் இரண்டு பாலிசி போட்டுக் கொடுத்தான். இரண்டு எதற்கு என்று கேட்டேன். "ஒன்னு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும். இன்னொன்னு உனக்குக் கொடுக்கும். உடம்பு முடியாம வேலைக்குப் போகலேன்னா யார் சம்பளம் தருவா? உனக்கென்ன முதலாளியா இருக்கான்?" என்றான். எனக்கு முதலாளி கிடையாதுதான். பெட்டிக்கு இவ்வளவு என்று தரகுதான் வரும். கத்தினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்ய முடியாமல் போனால், நாலாவது மாதத்திலிருந்து மாதாமாதம் பணம் வரும். அதுதான் இரண்டாவது பாலிசி. அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அண்ணன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். மெஷின் பேசியது: "உங்கள் பாலிசி எண்ணைத் தெளிவாகச் சொல்லவும்." சொன்னேன். "மன்னிக்கவும், உங்கள் குரல் கேட்கவில்லை." மறுபடி சொன்னேன். மறுபடி மன்னிப்புக் கேட்டது. நாலாவது தடவை லைனைத் துண்டித்துவிட்டது.

குரல் போய்விட்டது என்று சொல்வதற்குக் குரல் வேண்டுமாம். இதை யோசித்தவன் எவன்?

ஏப்ரல் 2, புதன்

விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பியிருந்தேன். இன்றும் பதில் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கம்பெனியே அனுப்பிய டாக்டரிடம் போனேன். ஏசி அறை, கண்ணாடி மேஜை. கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். குனியச் சொன்னார், குனிந்தேன். பத்தடி நடக்கச் சொன்னார், நடந்தேன். "பளு தூக்க முடியுமா?" முடியும் என்று தலையாட்டினேன். "சமைக்கிறீங்களா?" ஆமாம். "மாடிப்படி ஏறுவீங்களா?" ஆமாம். எல்லாவற்றுக்கும் டிக், டிக், டிக்.

வாயைத் திறந்து பார்க்கவே இல்லை.

நானே தொண்டையைக் காட்டினேன். "பேசறீங்களே, கேக்குதே எனக்கு" என்றார். மூன்றடி தூரத்தில், சாத்திய அறையில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்கத்தான் செய்யும். எழுந்து போய் அறைக்கதவைத் திறந்துவிட்டு, வெளியே ரோட்டு இரைச்சலில் நின்று பேசிக் காட்டலாமா என்று இருந்தது. செய்யவில்லை. மரியாதை பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

மே 5, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. நிராகரிப்பு.

அப்படியே எழுதி வைக்கிறேன்: 'விண்ணப்பத்தில் தாங்கள் குறிப்பிட்டுள்ள தொழில்: மொத்த மீன் வியாபாரம் — மேற்பார்வை. தங்கள் தற்போதைய உடல்நிலை மேற்படித் தொழிலைச் செய்வதற்குத் தடையாக இல்லை.'

மேற்பார்வையா? நானா? ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மீன் தண்ணியில் நின்று, விடிவதற்குள் முந்நூறு பெட்டி விற்றுக் கொடுத்தவள் நான். யாரை மேற்பார்த்தேன்?

மே 6, செவ்வாய்

மகள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்தாள். பாலிசிப் புத்தகம் பதினெட்டுப் பக்கம். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் படிக்கிறோம்.

'இயலாமை' என்றால் என்ன என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் இரண்டு வருஷத்துக்கு — அதுவரை செய்துவந்த தொழிலைச் செய்ய முடியாமல் போனாலே போதும், பணம் உண்டு. அதற்குப் பிறகு — எந்தத் தொழிலும் செய்ய முடியாமல் இருந்தால்தான். மகள் இதை இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்போ உனக்கு ரெண்டு வருஷம் கண்டிப்பா வரணும்மா. ஏலம் போட முடியலைல்ல?" என்றாள்.

ஆனால் கடைசிப் பக்கத்தில், பாலிசி எடுத்தபோது நான் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். 'தொழில்' என்ற கட்டத்தில் 'மொத்த மீன் வியாபாரம் — மேற்பார்வை.' நீல மை. சுழித்துச் சுழித்து எழுதுகிற அந்த 'மே' யாருடையது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்த கை.

கீழே என் கையெழுத்து. ஒரு இடத்தில் இல்லை, நாலு இடத்தில்.

மீன் பெட்டியின் அடியில் கைவிட்டுக் கிளறிப் பார்க்காமல் எங்கள் கூடத்தில் ஒருத்தனும் விலை கேட்க மாட்டான். மேலே நல்ல மீனை அடுக்கி, அடியில் நேற்றைய மீனை வைக்கிற ஆட்களின் மானத்தை நானே எத்தனை பேர் முன்னால் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் பதினெட்டுப் பக்கத்தைப் புரட்டாமல் வாங்கி பீரோவில் வைத்தேன். அண்ணன்தானே என்று.

மே 8, வியாழன்

அண்ணனை வரச் சொன்னேன். வந்தான். நகலை முன்னால் வைத்தேன். பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"எல்லா ஏஜென்ட்டும் அப்படித்தான் எழுதுறாங்க. ஏலம் போடுறதுன்னு எழுதினா கடினமான தொழில்னு தனி லிஸ்ட்ல போயிடும். பிரீமியம் ஏறும். சில நேரம் பாலிசியே தர மாட்டாங்க. உனக்குக் குறைச்சலா வரணும்னுதான் பண்ணேன்."

எனக்குச் சொல்லவில்லையே என்றேன். மூச்சு இரைத்தது. அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை. மகள் திருப்பிச் சொன்னாள்: "அம்மாகிட்ட ஏன் மாமா சொல்லலே?"

"கையெழுத்து அவதானே போட்டா" என்றான்.

கத்த வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எனக்காகக் கத்த வேண்டும். காற்று வந்தது. கையில் இருந்த தட்டைத் தரையில் போட்டேன். நல்ல சத்தம். அதுவாவது வந்ததே.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மே 9, வெள்ளி

உடைந்த தட்டை வீட்டுக்காரரே கூட்டி அள்ளினார்.

மே 28, புதன்

காப்பீட்டுக் குறைதீர் அலுவலகத்துக்கு மனு அனுப்பியாயிற்று. மகள் தட்டச்சு செய்தாள், நான் எழுதிக் கொடுத்தேன். என் வேலை என்ன என்று முதல் தடவையாக உட்கார்ந்து எழுதினேன். ஒரு நிமிஷத்தில் எத்தனை விலை சொல்வேன், எத்தனை மணி நேரம் நிறுத்தாமல் சொல்வேன், கூடம் எத்தனை அடி நீளம். கூடத்துச் சங்கத் தலைவர் சான்று கொடுத்தார். நாற்பத்தொரு வியாபாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். ஐஸ்காரர், "நானும் போடறேன், உன்னால என் காதே போச்சு" என்றார். சிரித்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

கம்பெனியின் பதிலும் வந்துவிட்டது. ஏலம் போடுவதுதான் என் தொழில் என்றால் விண்ணப்பத்தில் பொய் சொல்லியிருக்கிறேனாம், அதனால் பாலிசியே செல்லாதாம். மேற்பார்வைதான் தொழில் என்றால் எனக்கு ஒரு குறையும் இல்லையாம். உண்மையைச் சொன்னால் பொய்க்காரி. பொய்யை ஒத்துக்கொண்டால் ஆரோக்கியசாலி. ஒன்பது வருஷம் பிரீமியம் வாங்கும்போது நான் யார் என்று ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை.

இதை உடைக்க ஒரே வழிதான் இருக்கிறது என்றார் அந்த அலுவலகத்துக் குமாஸ்தா. கம்பெனியின் ஏஜென்ட் உண்மையைத் தெரிந்தே மாற்றி எழுதினார் என்று நிரூபிக்க வேண்டும். அதாவது அண்ணன் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் அவன் உரிமம் போகும்.

நான் கேட்கப்போவதில்லை. கெஞ்சுவதற்கும் குரல் வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

விசாரணை. சின்ன அறை, நீள மேஜை. குறைதீர் அதிகாரி என்னைவிட இளையவர், ஒரு பெண். கம்பெனி தரப்பில் ஒரு வக்கீல். என் பக்கம் மகள்.

வக்கீல், "இவர் இப்போதுகூட நன்றாகத்தான் பேசுகிறார்" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்து, "ஏலம் எப்படிப் போடுவீங்கன்னு கொஞ்சம் காட்ட முடியுமா? கஷ்டமா இருந்தா வேண்டாம்" என்றார்.

எழுந்து நின்றேன். நின்றால்தான் எனக்கு வரும். "நூறு… நூத்திப் பத்து… நூத்தி இருபது…" முப்பதுக்கு உதடு மட்டும் அசைந்தது. நாற்பதில் இருமல் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டேன். மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக்கூட என்னால் தாண்ட முடியவில்லை.

துணி இல்லாமல் நின்ற மாதிரி இருந்தது. எவ்வளவு பிரீமியம் கட்டினால் இந்த அவமானம் இல்லாமல் இருக்கும் என்று கேட்கத் தோன்றியது.

அப்போதுதான் கதவோரம் நாற்காலி நகர்ந்தது. அண்ணன். எப்போது வந்து உட்கார்ந்தான் என்று எனக்குத் தெரியாது. மகள் என்னிடம் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறாள்.

"நான்தான் ஏஜென்ட். 'மேற்பார்வை'ன்னு இருக்கிறது என் எழுத்து" என்றான். வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "என் கூடப் பிறந்தவ. என்ன வேலை செய்யறான்னு எனக்குத் தெரியாதா? கூடத்துக்கு நேர்ல போய்த்தான் ஃபாரம் நிரப்பினேன். அவ ஏலத்துக்கு நடுவுல வந்து, நான் காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு ஓடினா. தொழில்னு இருக்கிற கட்டம் அப்போ காலியா இருந்தது. அப்புறம்தான் நான் எழுதினேன்."

அதிகாரி, "இதை எழுத்துல கொடுக்கிறீங்களா? உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் மேடம்."

எழுதிக் கொடுத்தான். அதே சுழித்த எழுத்து. வெளியே வந்ததும் அவன் பக்கம் நான் திரும்பவில்லை.

ஜூலை 16, புதன்

கட்டம் காலியாக இருந்தது என்பது எனக்கே தெரியாது. காலியான படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோபம் இப்போது யார் மேல் என்றே தெரியவில்லை. எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தீர்ப்பு வந்தது. ஏஜென்ட்டுக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரிந்த மாதிரிதான். பாலிசி செல்லும். சரியான தொழிலுக்கு எவ்வளவு பிரீமியம் கட்டியிருக்க வேண்டுமோ, அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டு, இரண்டு வருஷம் மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

மகள் குதித்தாள். வீட்டுக்காரர் தீர்ப்பை இரண்டு முறை படித்துவிட்டு, "ஒரு வரி மன்னிப்பு இல்லியே இதுல" என்றார். இல்லை. மெஷின்கூட மூன்று தடவை கேட்டது.

அண்ணனின் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். மகள்தான் சொன்னாள். ஐஸ் கம்பெனி வேனுக்கு டிரைவராகப் போகிறானாம். ஐம்பத்தாறு வயதில்.

நவம்பர் 12, புதன்

ஒரு ஓட்டலுக்கு மீன் வாங்கிக் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. வாங்குகிறவருக்குக் குரல் வேண்டாம், விரலைத் தூக்கினால் போதும். இதில் வருகிற வருமானத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அளவுக்கு மாதத் தொகை குறையும். குறையட்டும்.

என் இடத்தில் இப்போது ஒரு புதுப்பெண் நின்று ஏலம் போடுகிறாள். குரல் பரவாயில்லை, அவசரம் ஜாஸ்தி. நானாக இருந்தால் இன்று நான் எடுத்த பெட்டியை இன்னும் இரண்டு விலை ஏற்றியிருப்பேன். அவள் நிறுத்திவிட்டாள், எனக்கு லாபம். பெட்டியின் அடிவரைக்கும் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விரலைத் தூக்கினேன்.

வெளியே ஐஸ் கம்பெனி வேன் நின்றது. அண்ணன் இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தான். ஓட்டல் அவன் போகிற வழிதான். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு முடியாது. அவனுக்கு என்ன கேடு?

வண்டி கிளம்பியதும் கை நீட்டி ரேடியோவை அணைத்தான். ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றினான். நான் ஏதாவது சொன்னால் கேட்க வேண்டுமே என்றுதான் போல.