தீர் நகரத்து வழக்கு

இன்று காலை குறிகட்டுவான் படகுத்துறை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன், நயினாதீவு அம்மனைக் கும்பிட. கடலுக்குள்ளால் கல் போட்டுக் கட்டிய புங்குடுதீவுத் தாம்போதி வீதியில் பஸ் ஏறியதும் யன்னலால் வலை வாசம் அடித்தது. வீதியோரக் கற்களில் யாரோ ஈரவலையைக் காயப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாரும், எசேக்கியேல் சொன்னது நடந்திட்டுது" என்று உமக்குச் சொல்லத் திரும்பினேன். நீர் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது, தோழி. என்ரை வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை.

ஒரே பள்ளிக்கூடத்தில் நீர் கணக்குப் படிப்பித்தீர், நான் சரித்திரம். நீர் கிறிஸ்தவ வேதம், நான் சைவம். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் சண்டைக்கு மட்டும் ஓய்வில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நாரந்தனை வேதக்கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு வேதாகம வகுப்பு எடுத்தீர். அந்தக் காலத்து இறைவாக்கினர் சொன்னதெல்லாம் சரித்திரத்தில் அப்படியே நடந்தது என்பது உம்முடைய பிடிவாதம். "கணக்கு மாதிரித்தான். ஒரு வரி பிழையெண்டு ஆராவது காட்டட்டும், நான் இந்த வகுப்பையே விட்டிடுறன்" என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னீர். பிறகு என்னிடமும் வந்து, "நீர் சரித்திரக்காரி. வந்து இருந்து கேளும்" என்றீர். விடுவேனா? அடுத்த ஞாயிறே நெற்றி நிறைய விபூதியோடு முன்கதிரையில் வந்து குந்திவிட்டேன்.

அன்றைய பாடம் தீர் நகரம். கடலுக்குள் இருந்த பணக்கார வியாபாரப் பட்டினம். பாபிலோன் ராசா வந்து அதை இடிப்பான், வெறும் பாறைதான் மிஞ்சும், அதில் வலை காயப் போடுவார்கள், பிறகு ஒருநாளும் அது கட்டப்படாது என்று இறைவாக்கினர் எசேக்கியேல் சபித்ததை நீர் குரலை உயர்த்திச் சொன்னீர். ஒருவரும் பயப்படவில்லை. மீன்பிடிக் குடும்பத்துத் திரேசம்மா அக்கா எழும்பினா.

"ரீச்சர், வலை காயப் போட இடம் கிடைச்சால் அது ஆசீர்வாதமெல்லே? உதிலை என்ன சாபம்?"

"ஓம், ஓம்" என்றது மண்டபம். அக்கா தொடர்ந்தா.

"யுத்த நேரம் கடலுக்குப் போகக்கூடாதெண்டு நேவி மறிச்சு வைச்சிருந்த காலத்திலை எங்கடை கரையிலை ஒரு வலை கிடந்ததே? வலை கிடந்தால்தானே ஊரிலை சனம் இருக்கு!"

இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துச் சாபத்தை ஒரே நிமிடத்தில் வரமாக்கிவிட்டார்கள். நீர் கரும்பலகைக்கு முன்னால் சோக்கட்டியோடு திகைத்து நின்றீர். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் நான் எழும்பினேன். பாபிலோன் ராசா வருடக்கணக்காக வளைத்து நின்றும் அந்தத் தீவை இடிக்கவில்லை. அதை விழுத்தியவன் அலெக்சாந்தர், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. கரையில் இருந்த பழைய நகரின் கல்லையும் மரத்தையும் கடலில் கொட்டி, எங்களுடையதைப் போல ஒரு தாம்போதி போட்டுத்தான் உள்ளே போனான்.

நீர் துள்ளினீர். "கல்லையும் மரத்தையும் தண்ணிக்குள்ளை போடுவினம் எண்டும் எழுதியிருக்கு!"

"ஓம், அது பொருந்துது. ஆனால் சொன்ன ஆள் வேறை, செய்த ஆள் வேறை. மற்றது, இண்டைக்கும் அங்கை ஒரு பட்டினம் இருக்கு. கடை இருக்கு, சனம் இருக்கு. பாரும்." போனில் படத்தைக் காட்டினேன்.

நீர் போனை வாங்கிப் பார்த்தீர். பிறகு வேதாகமத்தை மூடிவிட்டு, "வாற கிழமை சொல்லுறன்" என்றீர். முகம் வாடிப்போயிற்று. வெளியில் திரேசம்மா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டா. "அவ சொன்ன சொல்லு மாறமாட்டா. வகுப்பை விட்டிட்டா எண்டால் நாங்கள் எங்கை போறது? உங்களுக்கென்ன, கேட்டிட்டுப் போயிடுவியள்." உண்மையைத்தானே சொன்னேன் என்று வீறாப்பாகச் சொன்னேனே தவிர, அந்தக் கிழமை இரண்டு தரம் உம்முடைய வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினேன். உமக்கு அந்த வகுப்புத்தான் உயிர் என்று எனக்குத் தெரியாதா?

அடுத்த ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. நீர் நேரே முன்னுக்கு வந்து நின்றீர்.

"போன கிழமை ரீச்சர் சொன்னது சரி. நான் பிழை" என்று தொடங்கினீர். பிறகு எசேக்கியேலிலேயே சில அதிகாரம் தள்ளித் திறந்தீர். "இதைக் கேளுங்கோ. பாபிலோன் படை தலை மொட்டையாகி, தோள் உரிஞ்சு பாடுபட்டும் தீரிலை அவைக்கு ஒண்டும் கிடைக்கேல்லையாம். இதை எழுதினது எதிரியில்லை, அதே எசேக்கியேல். தான் சொன்னபடி நடக்கேல்லை எண்டதைத் தானே எழுதியிருக்கிறார். முந்தி எழுதினதையும் அழிக்கேல்லை. நான் பிள்ளையளுக்கு என்ன சொல்லுறனான்? பிழைச்ச கணக்கை ரப்பராலை அழியாதேங்கோ, ஒரு கோடு கீறிப்போட்டுக் கீழை செய்யுங்கோ எண்டெல்லே? அழிக்காத மனுசனை நான் நம்புவன். முந்தியிலும் பார்க்க இப்பதான் கூட நம்புறன்."

பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்: "ஒரு வரி பிழைச்சால் வகுப்பை விடுவன் எண்டதும் பிழை. அதுக்கும் ஒரு கோடு கீறியாச்சு. கதிரையளை முன்னுக்கு இழுங்கோ."

அட கோதாரி, அந்தக் கைதட்டல்! முதலில் எழும்பி நின்று தட்டியவள் நான்தான். வழக்கைக் கொண்டுபோனவளே எதிர்ப்பக்கத்துக்குக் கைதட்டினதை எந்தச் சரித்திரத்திலும் நான் படித்ததில்லை. திரும்பி வரும்போதும் நான் விடவில்லை: "அப்ப, திரும்பக் கட்டப்படாது எண்டதுக்கு என்ன சொல்லுறீர்?" "அதுக்கு எனக்கு விடை தெரியாது" என்று சொல்லிவிட்டு, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி நடந்தீர்.

வகுப்பு இன்னும் நடக்கிறது. சரித்திரப் பகுதியை என்னிடம் தந்திருக்கிறார்கள். இந்த வயதில் நான் வேதாகமம் சுமக்கிறேன், பாரும்! போன ஞாயிறு ஏதோ ஒரு ராசாவின் காலத்தைப் பற்றி அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். திரேசம்மா அக்கா கை உயர்த்தினா. "ரீச்சர், போன மாசம் வேறை மாதிரியெல்லே சொன்னனீங்கள்?" வாழ்நாளில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத இந்த வாய், மண்டபம் முழுக்கக் கேட்க, "ஓம் அக்கா, நான் பிழை" என்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் உம்மை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.