வாயை ஊதச் சொன்ன நாள்

என்னங்க,

நீங்களும் அத்தையும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை செய்யும் வீட்டுப் பெரியம்மாவைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கன்னமும் மூக்கும் உங்களுக்கு இருப்பதுபோலவே சிவந்திருக்கும். "யாருக்கும் தெரியாம குடிக்கிறாங்களோ டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது ரோசேசியாங்கிற தோல் நோய்ம்மா," என்றார் டாக்டர். "தோலுக்கு அடியில இருக்கிற சின்னச் சின்ன ரத்தக்குழாய் விரிஞ்சு முகம் சிவந்துடும். வெயிலோ அடுப்புச் சூடோ பட்டா அதிகமாகும். குடிக்காதவங்களுக்கும் வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேக்கரி அடுப்படியிலிருந்து வந்து நின்ற உங்களை, என் அண்ணன் முன்னால் வாயை ஊதச் சொன்னேனே! மறுபேச்சில்லாமல் ஊதினீர்கள். வாடையே இல்லை. அப்போதும் நான் நம்பவில்லை.

கண்ட களிம்பையும் பூசாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். ஒரு போட்டோ அனுப்புங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது போனை மகளிடம் கொடுங்கள். அப்பா குடிக்கிறார் என்று அவளிடம் சொன்னவள் நான்தான். இல்லை என்று நானே சொல்லவேண்டும்.

பெரியம்மா கூப்பிடுகிறார். மன்னித்துவிடுங்கள்.