பழைய கால்பந்துச் சட்டை

அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். சுரங்கத்தில் ஈத்தொல்லைதான், வாயைத் திறந்தால் உள்ளே போய்விடுகிறது. பெட்ரோல் விலை, வீட்டு வாடகை என்று எதையாவது திட்டியபடியே சாப்பிடுகிறோம். நேற்று செய்தியில் நம் ஊர் மலைக்குப் பின்னால் காட்டுத்தீ என்றார்கள். "தெனமும் இதே தீதானா? கிரிக்கெட்டப் போடுங்கடா!" என்றான் கூட வேலை செய்யும் டேமியன். நானும் சிரித்துவைத்தேன்.

அப்பாவிடம் போனில் கிளம்பச் சொன்னேன். "தொட்டி நெறைய தண்ணி இருக்கு, ஓஸ் பைப் இருக்கு. வீட்ட விட்டுட்டு வரமாட்டேன்டா" என்கிறார். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து நான் என்ன செய்ய?

என் பழைய கால்பந்துச் சட்டை வேண்டும். நம் ஊரில் தபாலில் போடாதே. கடற்கரையில் டெபி அத்தை வீட்டுக்குப் போய், அங்கிருந்து அனுப்பு.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது, மெயிலை முடிக்கிறேன். முட்டி தேவலையாகியிருந்தாலும், வலிக்கிறது, கார் ஓட்ட முடியாது, நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும் என்று அப்பாவிடம் சொல். இன்றைக்கே சொல்.

லாக்லன்