மாமியார் முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், நான் திட்டப்போவதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டுமே.

நீ அனுப்பிய படம் வந்தது, உன் தம்பி கூடத்தில் மாட்டியும் விட்டான். போன தடவை உன் அப்பா முகத்தைத் திண்டு உறையில் அச்சடித்து அனுப்பினாய், பொறுத்துக்கொண்டேன், உயிரோடு இருந்தபோதும் எல்லோரும் அவர் மேல்தான் சாய்ந்தார்கள். இப்போது என் மாமியாரின் பழைய ஓவியத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கையில் ஐஸ்கிரீமைக் கொடுத்திருக்கிறாய், அதுவும் போகட்டும், வீட்டு அலங்காரம் என்று நாலு பேர் வாங்குகிறார்களாம், உன் பிழைப்பு அது. ஆனால் அந்த வாயில் சிரிப்பை வைக்க உனக்கு யாரடி உரிமை கொடுத்தது? அதை வரைந்த அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். கொஞ்சம் சிரிங்கம்மா என்ற ஓவியரை, என்னை வரைய வந்தியா என் பல்லை எண்ண வந்தியா என்று கேட்டவள் அவள். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்து, என்னைக் காட்டி, மூக்கு இவ மூக்குதான், இனி என்ன பண்றது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவள். என்னைப் பார்த்து ஒரு நாளாவது அந்த உதடு விரிந்ததுண்டா?

உன் தம்பி மகள் படத்தைப் பார்த்துவிட்டு, கொள்ளுப்பாட்டி எவ்ளோ ஜாலியா இருக்காங்க, நீங்கதான் எப்பவும் உர்ருன்னு இருக்கீங்க, பாவம் உங்களை எப்படித்தான் சமாளிச்சாங்களோ என்கிறாள். நான் பட்டதெல்லாம் பொய்யாகிவிட்டதே. மருமகளின் புருவப் பென்சிலை எடுத்து, நாற்காலியில் ஏறி, அந்த வாயை இழுத்து மூடினேன். ஐயோ பார்த்தும்மா என்று உன் தம்பி கத்தினான், எனக்காகவா படத்துக்காகவா தெரியாது. இப்போது அச்சு அசல் அவளேதான். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்தே முறைக்கிற முறைப்பில் கூடத்தில் காலை நீட்டி உட்கார முடியவில்லை, டீயைச் சமையலறையில் நின்றே குடிக்கிறேன். பேத்தி அண்ணாந்து பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்பத் திட்டுவாங்களா பாட்டி என்றாள். உட்காருடி சொல்றேன் என்றேன். இன்னும் சொல்லி முடியவில்லை.

நீ நூறு வயது நல்லா இரு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேறு படம் அனுப்பாதே, அனுப்பியே தீருவேன் என்றால் கூடவே ஒரு பென்சிலும் வை, மருமகள் தன்னுடையதைப் பூட்டி வைத்துவிட்டாள்.

கோபம் தீராத,
உன் அம்மா